ஓடாத மர ரயிலை ஓட வைப்பது எப்படி

புது மர ரயிலைக் கையில் கொடுத்த பத்தாவது நிமிடத்தில் குழந்தை வேறு எதற்கோ நகர்ந்துவிட்டால், குறை பெரும்பாலும் குழந்தையிடம் இல்லை. தள்ளினால் சக்கரம் உருளாமல் தரையில் இழுபடும். பெட்டிகளைச் சேர்க்கப் போனால் ஒன்றையொன்று விலக்கும். தண்டவாளத்தின் முளை குழிக்குள் இறங்காது, இறங்கினாலும் வளைவு வந்ததும் இன்ஜின் கவிழும். இரண்டு வயதுக் குழந்தைக்கு இதில் ஒன்று போதும்; ரயில் மூலைக்குப் போய்விடும்.

மர ரயிலில் வேலை செய்யும் பாகங்கள் மிகக் குறைவு. அச்சும் சக்கரமும், பெட்டிகளை இணைக்கும் காந்தம், தண்டவாள மூட்டு, அவ்வளவுதான். பழுதுகளும் அந்த அளவுக்குள் அடங்கும். பாதிக்கு மேல் வீட்டிலேயே தீர்பவை. ஆனால் சில குறைகளைச் சரிசெய்ய முயலவே கூடாது, திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எது எந்த வகை என்று பிரிப்பதுதான் முதல் வேலை. அதுவரை உப்புத்தாளைத் தொடாதீர்கள். தேய்த்த பொம்மையை, மெழுகு பூசிய பொம்மையைக் கடையில் திரும்ப எடுப்பது கடினம்.

முதலில் பாதுகாப்பு

மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்கான பொம்மையிலிருந்து கழன்று வரும் எதுவும் தொண்டையில் அடைக்கும் அளவில் இருக்கக் கூடாது. இதற்குப் பன்னாட்டுத் தரவிதிகள் ஒரு சிறு உருளையை அளவாக வைத்திருக்கின்றன. உள்விட்டம் 31.7 மி.மீ., அடிப்பகுதி சரிவாக இருப்பதால் ஆழம் ஒரு பக்கம் 25.4 மி.மீ., மறுபக்கம் 57.1 மி.மீ. ஒரு பாகம் எந்த வாக்கில் வைத்தாலும் இதற்குள் முழுவதும் அடங்கிவிட்டால் அது ஆபத்தானது.

வீட்டில் இதைச் செய்வது சுலபம். கெட்டிக் காகிதத்தில் 11 செ.மீ. நீளம், 5.7 செ.மீ. அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். ஒரு செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு சுருட்டி ஒட்டினால் சுற்றளவு 10 செ.மீ. வரும், விட்டம் கிட்டத்தட்ட 31.8 மி.மீ. ஆகும். மேசைமேல் நிறுத்தி, கழன்ற சக்கரம், புகைபோக்கி, காந்தம், பயணி பொம்மை என ஒவ்வொன்றையும் போட்டுப் பாருங்கள். சரிவு இல்லாததால் இந்தக் குழாய் தரவிதியைவிடச் சற்றுக் கண்டிப்பானது. அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

அடுத்து இழுப்புச் சோதனை. ஐரோப்பாவின் இ.என். 71 தரவிதி, பிடிக்கக் கிடைக்கும் பகுதி 6 மி.மீ.க்கு மேல் உள்ள பாகத்தை 90 நியூட்டன் விசையில் இழுத்து 10 வினாடி நிறுத்தச் சொல்கிறது. ஏறத்தாழ ஒன்பது கிலோ எடை தொங்கும் இழுப்பு அது. பயணப்பை எடை பார்க்கும் கொக்கித் தராசு இருந்தால், சக்கரத்துக்குப் பின்னால் கயிற்றைச் சுற்றிக் கொக்கியில் மாட்டி, மெதுவாக ஐந்து வினாடியில் ஒன்பது கிலோ வரை இழுங்கள். வெறும் விரலால் முறுக்கி இழுத்தே சக்கரம் வந்துவிட்டால் தராசு தேவையில்லை, விடை கிடைத்துவிட்டது. பசை வைத்து ஒட்டிய புகைபோக்கியும் ஓட்டுநர் தலையும்தான் முதலில் கழலும் பாகங்கள், அவற்றை விட்டுவிடாதீர்கள்.

காந்தத்தை மற்ற பாகங்களோடு சேர்த்து எண்ண வேண்டாம், அது தனி ரகம். குழந்தை இரண்டு காந்தங்களை விழுங்கினால், அவை குடலின் வெவ்வேறு மடிப்புகளிலிருந்து ஒன்றையொன்று இழுத்து, இடையில் சிக்கிய குடல் சுவரை நசுக்கித் துளைத்துவிடும். முதலில் வெறும் வயிற்றுவலி போலத் தோன்றும். காந்தம் ஒன்று காணவில்லை, குழந்தை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், காத்திருந்து பார்க்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். ஆடும் காந்தமுள்ள பெட்டி, அது சரியாகும் வரை பொம்மையே அல்ல. பூட்டி வையுங்கள்.

பெயின்டுக்கு ஒரு வெள்ளைத் துணி போதும். தண்ணீரில் நனைத்துப் பிழிந்து ஒரே இடத்தில் இருபது முறை அழுத்தித் தேயுங்கள். நிறம் ஏறினால் குழந்தையின் எச்சிலிலும் ஏறும். செதிலாக உரியும் பெயின்டும் அதே கணக்கு. மேலே வேறு பெயின்ட் பூசி மறைக்க நினைக்க வேண்டாம். அடியில் இருப்பது உரியும்போது மேலே இருப்பதும் சேர்ந்தே வரும். மூக்கைத் துளைக்கும் இரசாயன வாடை இருந்தால் காற்றோட்டமான நிழலில் மூன்று நான்கு நாள் வையுங்கள். அதற்குப் பிறகும் அடங்கவில்லை என்றால் திருப்பிக் கொடுங்கள்.

வயதான பொம்மை, அதாவது பரணிலிருந்து இறக்கியது அல்லது யாரோ கொடுத்தது என்றால் ஓர் எச்சரிக்கை. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அதை உப்புத்தாளால் தேய்த்தால் ஈயம் தூசியாகி வீடு முழுக்கப் பரவும். அதைத் தேய்க்கவும் வேண்டாம், குழந்தையிடம் கொடுக்கவும் வேண்டாம்.

சக்கரம்: ஏமாற்றத்தின் பெரும்பங்கு இங்கேதான்

கண்ணாடி மேசை அல்லது வழவழப்பான தரையில் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒட்டுநாடாவால் கோடு போடுங்கள். இன்ஜினைக் கோட்டின் மேல் வைத்து ஒரே தள்ளாகத் தள்ளி விடுங்கள். மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்: எவ்வளவு தூரம் போகிறது, நேராகப் போகிறதா, நான்கு சக்கரமும் தரையைத் தொடுகின்றனவா. பிறகு தலைகீழாகத் திருப்பி ஒவ்வொரு அச்சையும் விரலால் சுண்டுங்கள். நல்ல அச்சு இரண்டு மூன்று சுற்றாவது தானே சுற்றும்.

சுற்றவில்லை என்றால், சக்கரம் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மூன்று முறைகள் புழக்கத்தில் உண்டு. இரும்பு அச்சின் இரு முனையிலும் பிளாஸ்டிக் சக்கரத்தை அழுத்தி ஏற்றுவது ஒன்று. மரக் குச்சியே அச்சாகி, முனைகளில் மரச் சக்கரம் பசையால் ஒட்டப்பட்டிருப்பது இன்னொன்று. மூன்றாவதில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனி முளையாணியில் மாட்டி, அந்த ஆணி உடலில் அடிக்கப்பட்டிருக்கும்.

எந்த முறையானாலும் சக்கரத்துக்கும் உடலுக்கும் இடையே அரை மி.மீ. இடம் வேண்டும். கெட்டி விசிட்டிங் கார்டை அந்த இடைவெளியில் செருகிப் பாருங்கள். நுழையவில்லை என்றால் சக்கரம் உடலை உரசிக்கொண்டிருக்கிறது. இரும்பு அச்சில் ஒரு சக்கரத்தை மெல்ல முறுக்கிக்கொண்டே வெளியே இழுத்து, அட்டை நுழையும் அளவுக்கு நகர்த்துங்கள். நகர்த்திய பிறகு இழுப்புச் சோதனையை மறுபடி செய்ய மறக்காதீர்கள். சுலபமாக நகர்ந்த சக்கரம் சுலபமாகக் கழலவும் கூடும். முளையாணி என்றால் ஆணியின் தலையைக் குறடால் பிடித்து அரை மி.மீ. வெளியே இழுத்தால் போதும். குறடின் பல் பதியாமல் இருக்க நடுவில் துணி வையுங்கள்.

மரக் குச்சி அச்சு இறுகியிருந்தால் காரணம் பெரும்பாலும் ஈரம். மரம் ரேகையின் குறுக்கே உப்பும். குச்சி பருத்துத் துளையில் இறுகிக்கொள்ளும். மழைக்காலத்தில் நின்றுபோய் வெயில் காலத்தில் ஓடும் ரயில்கள் இந்த ரகம்தான். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள் நான்கைந்தோடு மூடிய டப்பாவில் மூன்று நாள் வையுங்கள். வெயிலிலோ அடுப்புக்குப் பக்கத்திலோ வைத்தால் வெளிப்புறம் மட்டும் வேகமாகக் காய்ந்து மரம் வெடிக்கும். காய்ந்த பிறகும் சுற்றவில்லை என்றால் துளையே சிறியது. அச்சை மாற்றத்தான் வேண்டும்:

1. மெல்லிய பல்லுள்ள ரம்பத்தால், சக்கரத்துக்கும் உடலுக்கும் இடையே அச்சை அறுத்து எடுங்கள். ஒட்டிய சக்கரத்தை முறுக்கிக் கழற்றப் பார்த்தால் சக்கரம்தான் பிளக்கும்.
2. அச்சு 6 மி.மீ. என்றால் உடலின் துளையை 6.5 மி.மீ. பிட்டால் மறுபடி துளையுங்கள். 7 மி.மீ. போனால் ஆட்டம் கூடிவிடும்.
3. சக்கரத்தின் நடுவில் தங்கிய பழைய குச்சியை 6 மி.மீ. பிட்டால் துளைத்து எடுங்கள். கடைசி இரண்டு மி.மீ. வரும்போது அடியில் வேண்டாத பலகை ஒன்றை வைத்தால் மறுபக்கம் சிலாம்பு எழாது.
4. புதுக் குச்சியை அளந்து வெட்டுங்கள்: உடலின் அகலம், இரண்டு சக்கரங்களின் தடிமன், அதோடு ஒரு மி.மீ.
5. குச்சியின் நடுப்பகுதியில் மட்டும் மெழுகுவத்தியை நன்றாகத் தேயுங்கள். சக்கரம் உட்காரும் முனைகளில் மெழுகு பட்டால் பசை பிடிக்காது.
6. சக்கரத்தின் துளைக்குள் ஒரு துளி வெள்ளை மரப்பசை விட்டு, இடையில் அட்டையை வைத்து அழுத்துங்கள். பசை உடல் பக்கம் வழிந்தால் உடனே ஈரத்துணியால் துடையுங்கள், இல்லையென்றால் அச்சு உடலோடு ஒட்டிக்கொள்ளும். 24 மணி நேரம் தொடாதீர்கள்.

வழவழப்புக்கு எண்ணெய் விடலாமா என்றால், மர அச்சுக்கு வேண்டாம். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடிக்கும். துரு நீக்கும் தெளிப்பான்கள் குழந்தை வாயில் வைக்கும் பொருளுக்கு ஏற்றவை அல்ல. பென்சில் கரி நன்றாக வேலை செய்யும், ஆனால் கையெல்லாம் கருப்பாகும். சாதாரண வெள்ளை மெழுகே போதும்.

எதிர்ப் பழுது, துளை பெரிதாகி அச்சு லொடலொடப்பது. இரும்பு அச்சில் இது அதிகம். துளைக்குள் இறுக்கமாக உட்காரும் மெல்லிய பித்தளை அல்லது பிளாஸ்டிக் குழாயைச் செருகி, அதற்குள் அச்சை ஓடவிடுங்கள். துளைக்குள் பசையோ மரத்தூளோ வைத்து அடைப்பது ஒரு வாரம்கூட நிற்காது.

நான்கில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றால், உருளும் ரயில் நொண்டும், தண்டவாளத்தில் தடம்புரளும். சக்கரத்தைத் தேய்த்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், வட்டம் கெட்டுவிடும். முன் அச்சின் துளையை மேலும் கீழுமாக மட்டும் அரை மி.மீ. நீட்டிவிட்டால், அந்த அச்சு தானே சாய்ந்து கொடுக்கும். மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பதுபோலத்தான் இதுவும்.

ஒரு மீட்டரில் மூன்று நான்கு செ.மீ. விலகினால் கவலை வேண்டாம், தண்டவாளத்தின் பள்ளம் அதை வழிநடத்தும். அதற்கு மேல் போனால் துளைகள் கோணலாகப் போடப்பட்டிருக்கின்றன. துளையைக் குச்சியால் அடைத்து, இருபுறமும் அளந்து குறித்து, நிற்கும் டிரில்லில் புதிதாகத் துளைப்பதுதான் முழுத் தீர்வு. கையால் பிடிக்கும் டிரில்லில் பழைய கோணலே திரும்ப வரும். நிற்கும் டிரில் கைவசம் இல்லாதவர்களுக்கு எங்கள் பரிந்துரை ஒன்றுதான்: இந்தக் குறையோடு வந்த ரயிலைத் திருப்பிக் கொடுங்கள்.

காந்தம்

பெட்டிகள் ஒட்டவில்லை என்ற புகாரில் பாதிக்குக் காரணம் பழுதே அல்ல. ஒவ்வொரு பெட்டியின் முன்பக்கக் காந்தமும் பின்பக்கக் காந்தமும் வெவ்வேறு துருவத்தை வெளியே காட்டுமாறு வைத்திருப்பார்கள். எல்லாம் ஒரே திசை பார்த்தால் ஒட்டும். ஒன்றைத் திருப்பி வைத்தால் இருபுறமும் விலக்கும். பெரியவர்களுக்கு இது புரியும். இரண்டு வயதுக் குழந்தைக்கோ, கைக்குக் கை ஓடிப்போகும் பெட்டி அழுகையைத்தான் கொண்டுவரும். முன்பக்கம் எது என்று குழந்தைக்குத் தெரிய ஓர் அடையாளம் கொடுங்கள். ஒட்டும் புள்ளிகள் உரிந்து வாய்க்குள் போகும், அதனால் மரத்திலேயே முன்விளிம்பில் வட்ட அரத்தால் ஒரு சிறு பள்ளம் போடுவது நல்லது. ஒரே வாரத்தில் குழந்தை விரலால் தடவிக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ளும். சில தயாரிப்பாளர்கள் கூட்டுக்குள் காந்தம் தானே திரும்பிக்கொள்ளும்படி செய்கிறார்கள். அவை எந்தப் பக்கமும் ஒட்டும்.

உண்மையான தவறு எப்படித் தெரியும்? சந்தேகப்படும் பெட்டியை, சரியாக ஓடும் இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் வையுங்கள். ஒரு பக்கம் ஒட்டி மறுபக்கம் விலக்குகிறது, திருப்பி வைத்தாலும் அதே கதை என்றால், அதன் இரண்டு முனையிலும் ஒரே துருவம் வெளியே இருக்கிறது. தொழிற்சாலையில் ஒரு காந்தம் தலைகீழாக மாட்டப்பட்டுவிட்டது. திருகாணி வைத்ததாக இருந்தால் கழற்றி, காந்தத்தைப் புரட்டி மாட்டினால் தீர்ந்தது. ஆணி அடித்ததாக இருந்தால் பிடுங்கும்போது மரம் பிளக்கும் வாய்ப்பு அதிகம். மாற்றித் தரச் சொல்வதே நல்லது.

ஒட்டுகிறது, ஆனால் இழுத்தால் பிரிகிறது என்றால் முதலில் காந்தத்தின் முகத்தைப் பாருங்கள். காந்த இழுவை இடைவெளி கூடும்போது வேகமாகக் குறையும். பெயின்ட் படலமோ, ஒட்டிய இரும்புத் துகளோ, மரத்துக்குள் ஒரு மி.மீ. பதிந்திருப்பதோ போதும். பெயின்டையும் துகளையும் நகத்தாலோ மரக் குச்சியாலோ சுரண்டி எடுங்கள். இரண்டு வேறு தயாரிப்புகளைக் கலந்து ஓட்டினால் காந்தங்களின் உயரமும் ஒத்துப்போகாது. முகத்தோடு முகம் பாதிதான் படும், மேடு வரும் இடத்தில் பிரிந்துவிடும்.

ஆடும் காந்தத்தை இறுக்குவது இப்படி. திருகாணியைக் கழற்றுங்கள். துளையையும் காந்தத்தின் பின்புறத்தையும் ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள். இரண்டு குழாயாக வரும் எபாக்ஸியைச் சம அளவில் கலந்து, காந்தத்தின் பின்னால் மெல்லப் பூசி, துருவம் சரிதானா என்று பக்கத்துப் பெட்டியை வைத்துப் பார்த்துவிட்டு அழுத்துங்கள். பசை காய்ந்த பிறகு துருவத்தைச் சரிபார்ப்பவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பழைய துளை தளர்ந்திருந்தால் பல் குத்தும் குச்சியை மரப்பசையில் தோய்த்துச் செருகி, காய்ந்ததும் ஒட்ட வெட்டி, அதில் திருகாணியைத் திரும்ப ஏற்றுங்கள். உடனடிப் பசை வேண்டாம். அது கெட்டியானாலும் நொறுங்கும் தன்மை கொண்டது, ரயில் இரண்டு தடவை தரையில் விழுந்ததும் விட்டுவிடும். 24 மணி நேரம் கழித்து இழுப்புச் சோதனை.

காந்தம் உடைந்தோ தொலைந்தோ போனால், அதே அளவில் கருப்பு ஃபெரைட் வளையக் காந்தம் வாங்குங்கள். வெள்ளிபோல் பளபளக்கும் நியோடிமியம் காந்தம் பலமாக ஒட்டும் என்பது உண்மை. அந்தப் பலம்தான் குடலுக்குள் போனால் ஆபத்தும். சின்னக் குழந்தையின் ரயிலில் அதற்கு இடமே இல்லை.

மூன்று வயதுக்குள் என்றால் காந்தத்தையே விட்டுவிடலாம் என்பது எங்கள் கருத்து. ஒரு பெட்டியின் பின்பக்கம் மேல்நோக்கி 10 மி.மீ. ஆழத்துக்கு ஒரு துளை போட்டு, 8 மி.மீ. தடிமனில் 25 மி.மீ. நீளக் குச்சியைப் பசையோடு இறக்குங்கள். வெளியே 15 மி.மீ. முளை நிற்கும். அடுத்த பெட்டியின் முன்பக்க அடியில் 2 மி.மீ. கனமுள்ள தோல் பட்டையை இரண்டு திருகாணிகளால் பொருத்தி, நீட்டிய நுனியில் 10 மி.மீ. துளையிடுங்கள். முளையில் தோலை மாட்டினால் இணைந்தது. எந்தத் திசையிலும் விலக்காது, வளைவிலும் மடங்கிக் கொடுக்கும். முளையும் கழன்றால் காகிதக் குழாய்க்குள் அடங்கும் அளவுதான், அதனால் அதையும் தராசில் மாட்டி இழுத்துப் பார்த்த பிறகே கொடுங்கள்.

தண்டவாளம்

ஸ்வீடனின் பிரியோ நிறுவனம் 1958இல் கொண்டுவந்த மர ரயில் பாதையின் அளவைத்தான் இன்றுவரை பலரும் பின்பற்றுகிறார்கள். பலகையின் அகலம் 40 மி.மீ., கனம் 12 மி.மீ., சக்கரம் ஓடும் இரண்டு பள்ளங்களும் தலா 6 மி.மீ. அகலம், நடுவில் மேடு 20 மி.மீ. இந்த எண்களை ஓர் அளவுகோலால் சரிபார்த்தாலே பல மர்மங்கள் விலகும். உங்கள் இன்ஜினின் சக்கரம் 5 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால் பள்ளத்தில் உரசும். இரு சக்கரங்களின் உட்பக்க இடைவெளி 20 மி.மீ.க்குக் குறைந்தால் நடு மேட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே தூரம் கூடக்கூட, நேர்ப்பாதையில் அழகாக ஓடும் இன்ஜின் வளைவில் சிக்கும். நீளமான இன்ஜின்கள் சிறிய வளைவில் நின்றுபோவது இதனால்தான். அவற்றுக்குப் பெரிய வளைவுத் துண்டுகளை மட்டும் போடுங்கள்.

முளை குழிக்குள் இறங்கவில்லை என்றால் முளையைத் தேய்க்காதீர்கள், கழுத்து மெலிந்து ஒடியும். 180 எண் உப்புத்தாளைப் பென்சிலில் சுற்றி, குழியின் உட்சுவரை ஐந்தாறு முறை தேய்த்துவிட்டுப் பொருத்திப் பாருங்கள். ஈரக் காலத்தில் தேய்த்தால் வறண்ட காலத்தில் தளர்ந்துவிடும் என்பதால், முதலில் சிலிக்கா டப்பாவில் போட்டுக் காயவைத்த பிறகே இந்த வேலை. தளர்வான மூட்டை எல்லாம் இறுக்கவும் தேவையில்லை. மூட்டில் இருக்கும் கொஞ்ச ஆட்டம்தான், கணக்குக்குச் சற்றுப் பொருந்தாத பாதைகளையும் வட்டமாகச் சேர்க்க உதவுகிறது. தானாகப் பிரிந்துவிடும் அளவுக்குத் தளர்ந்திருந்தால் மட்டும், முளையின் தலையைச் சுற்றி வெள்ளைப் பசையை மெல்லப் பூசிக் காயவிடுங்கள். ஒரு பூச்சே பெரும்பாலும் போதும்.

மூட்டில் ஒரு பலகை மேலேயும் ஒன்று கீழேயும் நின்றால், அந்தப் படியில் சக்கரம் முட்டும். பள்ளத்தின் முனைகளை அரத்தால் ஐந்து மி.மீ. நீளத்துக்குச் சரிவாக்கிவிடுங்கள். வளைந்து முறுக்கிய பலகையை எடை வைத்து நேராக்கும் முயற்சி சில நாளில் பழையபடி திரும்பும். அதை ஒதுக்கி வையுங்கள்.

வட்டம் சேரவில்லை என்ற தலைவலிக்கு விடை கணக்கில் இருக்கிறது. வழக்கமான வளைவுத் துண்டு ஒவ்வொன்றும் 45 பாகை திரும்பும். ஆகவே எட்டு சேர்ந்தால் ஒரு வட்டம். நீள்வட்டம் வேண்டுமானால் எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரே நீளமுள்ள நேர்த் துண்டுகள். நடுவில் குறுக்குச் சந்தி வைத்து எட்டு வடிவம் போட, ஒவ்வொரு மடலும் 270 பாகை திரும்ப வேண்டும், அதாவது மடலுக்கு ஆறு வளைவு, மொத்தம் பன்னிரண்டு. சந்தியின் மையத்திலிருந்து வளைவு தொடங்கும் இடம் வரையிலான தூரம் வளைவின் ஆரத்துக்குச் சமமாக வரவேண்டும். பெரிய வளைவுக்கு அது சுமார் 20 செ.மீ. அட்டைப்பெட்டியில் எட்டு வடிவப் படத்தை அச்சிட்டுவிட்டு உள்ளே எட்டு வளைவு மட்டும் இருந்தால், உங்கள் திறமையில் குறையில்லை, துண்டுகள் போதவில்லை. வாங்கியதும் முதலில் எண்ணிப் பாருங்கள்.

முளையும் முளையும் எதிர்ப்பட்டு நின்றால், இருபுறமும் குழி உள்ள குட்டித் துண்டு ஒன்று வேண்டும். குழியும் குழியும் என்றால் இருபுறமும் முளை. ஒவ்வொன்றிலும் இரண்டு வாங்கி வைத்தால் போதும்.

சிலாம்பும் விளிம்பும்

பெயின்ட் இல்லாத பகுதிகளுக்கு மட்டுமே இது. 120 எண் உப்புத்தாளில் தொடங்கி 180, பிறகு 240, எப்போதும் மரத்தின் ரேகையோடு. குறுக்கே தேய்த்தால் புதுச் சிலாம்புகளை நீங்களே உண்டாக்குகிறீர்கள். கூர் விளிம்புகளை ஓர் அரிசி மணி பதியும் அளவுக்கு, அதாவது இரண்டு மி.மீ. வரை உருட்டிவிடுங்கள். பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து இரண்டு மணி நேரம் காயவிட்டால், அடங்கிக் கிடந்த நார்கள் எழுந்து நிற்கும். 320 எண் தாளால் மெல்ல ஒருமுறை. இந்த ஈரப் படியைத் தாண்டிப் போனால், குழந்தை முதல்முறை எச்சில் படுத்தியதும் மேற்பரப்பு முரமுரப்பாகிவிடும். மெலிந்த நைலான் காலுறையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சிலாம்பு அதில் மாட்டும்.

பூச்சுக்கு, உணவுத்தர மினரல் ஆயில் நான்கு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு, எடைக் கணக்கில். கிண்ணத்தைச் சுடுநீரில் வைத்து உருக்குங்கள், நேரடித் தீயில் வேண்டாம். துணியால் பூசி, இருபது நிமிடம் ஊறவிட்டு, மிச்சத்தை முழுவதும் துடைத்தெடுத்து ஒரு நாள் வையுங்கள். சக்கரம் சுற்றும் துளைக்குள் இது போகக் கூடாது. கொட்டை வகை எண்ணெய்களை ஒவ்வாமை காரணமாகத் தவிர்ப்பது நல்லது. ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: அந்த எண்ணெய் படிந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பற்றும். தண்ணீரில் ஊறவைத்தோ, வெளியே விரித்துக் காயவிட்டோதான் அப்புறப்படுத்த வேண்டும். ஏற்கெனவே வார்னிஷ் அடித்த மரத்தில் எண்ணெய் இறங்காது, பிசுபிசுப்புதான் மிஞ்சும்.

பேட்டரி இன்ஜின்

சக்கரத்தில் சுற்றிய தலைமுடியை முதலில் எடுங்கள். நின்றுபோன பல இன்ஜின்களுக்கு அதுவே மருந்து. சறுக்கினால் இழுக்கும் சக்கரத்தின் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும். சார்ஜ் ஏற்றும் பேட்டரி 1.2 வோல்ட், சாதாரண அல்கலைன் 1.5 வோல்ட் என்பதால் முதலாவதில் மெதுவாக ஓடுவது இயல்பு. முனையில் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, உலர்த்தி, புதுப் பேட்டரி போடுங்கள். பேட்டரி மூடியில் திருகாணி இல்லாத இன்ஜினை வீட்டுக்குள் வைக்க வேண்டாம்.

எல்லாம் சரி, ஆனாலும் விளையாடவில்லையே?

வயதுக்கு முந்திய ரயிலாக இருக்கலாம். ஒன்று முதல் ஒன்றரை வயதில் தண்டவாளம் வெறும் இடைஞ்சல். ஓர் இன்ஜினும் ஒரு பெட்டியும் மட்டும் வெறும் தரையில் கொடுத்து, மீதியை எடுத்து வையுங்கள். அந்த வயதில் குழந்தை தரையில் கன்னம் பதியப் படுத்து, சக்கரம் உருள்வதைக் கண்மட்டத்தில் பார்க்கத்தான் விரும்பும். அதனால்தான் சக்கரத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்தோம். கம்பளத்தில் எந்த மர ரயிலும் உருளாது, விரிப்பைச் சுருட்டிவிடுங்கள்.

இரண்டு வயதில் எட்டு வளைவு வட்டம் ஒன்று. அது விட்டத்தில் அரை மீட்டருக்குள் அடங்கும். குழந்தை பாதையைத் தொட்டதும் மூட்டு பிரிவதுதான் இந்த வயதின் பெரிய எரிச்சல். 60 செ.மீ. சதுரப் பலகையில் வட்டத்தை வைத்து, பலகையின் அடியிலிருந்து 15 மி.மீ. திருகாணிகளால் துண்டுக்கு ஒன்றாகப் பிடித்துவிடுங்கள். பலகை 9 மி.மீ. என்றால் திருகாணி தண்டவாளத்துக்குள் 6 மி.மீ. ஏறும். பள்ளத்துக்கு அடியில் மரம் மெலிந்திருக்கும், அதனால் நடு மேட்டின் நேர்க் கீழே ஏற்றுங்கள். பின்னால் குழந்தை வளர்ந்ததும் கழற்றினால் துண்டுகள் பழையபடி கிடைக்கும்.

பெட்டிகள் மூன்றுக்கு மேல் வேண்டாம். நீள வரிசையை வளைவில் இழுக்கும்போது நடுப் பெட்டிகள் உள்பக்கம் இழுபட்டுத் தடம்புரளும். இன்ஜினைக் குழந்தை பின்னாலிருந்து தள்ளினாலும், முன்னால் பிடித்து இழுத்தாலும் அதே சிக்கல்தான். மூன்று வயதில் நேர்த் துண்டுகளும் ஒரு கிளைப் பாதையும். பாலம் கடைசியாக. ஒரே துண்டில் செங்குத்தாக ஏறும் பாலத்தில் உச்சியில் இணைப்பு பிரியும், இறக்கத்தில் ரயில் பாய்ந்து கவிழும். ஏற்றத்துக்கு இரண்டு துண்டு, இறக்கத்துக்கு இரண்டு துண்டு வைத்து, உச்சியில் ஒரு நேர்த் துண்டாவது சமதளமாக விடுங்கள். இறங்கி முடிந்ததும் உடனே வளைவு வராமல் ஒரு நீளத் துண்டு நேராகப் போகட்டும்.

பழுது பார்த்த ரயிலை மாதம் ஒருமுறை தலைகீழாகத் திருப்பி, காந்தத்தையும் சக்கரத்தையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அன்றே எடுத்து வையுங்கள். கழுவுவதென்றால் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். வாளியில் ஊறவைத்தால் குச்சி அச்சுகள் மறுபடி உப்பி, முதல் நாள் நின்ற இடத்திலேயே ரயில் போய் நிற்கும்.